ஏர்பேக் விரியவில்லையா, வெடித்துக் காயப்படுத்தியதா? காயம்பட்டவர்கள் சட்டப்படி என்ன செய்யலாம்: முழுமையான வழிகாட்டி

அத்தானின் கார் விழுப்புரம் தாண்டி ஒரு பாலத்துக்குச் சற்று முன்னால் டிவைடரில் நேராக மோதியது. பானெட் மடிந்து முன்கண்ணாடி வரை ஏறிவிட்டது, ரேடியேட்டர் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டது, சீட் பெல்ட் போட்டிருந்தார், ஆனால் ஸ்டீயரிங் நடுவில் இருந்த ஏர்பேக் மூடி ஒரு கீறல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. தாடையில் எலும்பு முறிவு, முன்பற்கள் நான்கு போயின, மார்பெலும்பில் விரிசல். நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தோம். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து பார்த்து டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்து பயனில்லாத அளவு சேதம் என்றார், பணம் சீக்கிரம் வருகிறதே என்று நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டோம், இருபது நாளில் வண்டி லாரியில் ஏறி ஸ்கிராப்புக்குப் போய்விட்டது. இரண்டு மாதம் கழித்து ஒரு வக்கீலைப் பார்த்தபோது அவர் கேட்ட முதல் கேள்வியே "வண்டி இப்போ எங்க இருக்கு?" என்பதுதான். எங்கள் கையில் இருந்தது மூன்று போட்டோ, மூன்றிலும் ஸ்டீயரிங் தெரியவில்லை.

அந்த வழக்கு நடக்கவே இல்லை. சட்டம் எங்களுக்கு எதிராக இருந்ததால் இல்லை, சட்டம் எங்கள் பக்கம்தான் இருந்தது. காட்டுவதற்குப் பொருள் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் படித்ததையும் வக்கீல்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன். இந்தியச் சட்டத்தை வைத்து எழுதியது, அலுவலகங்கள் தமிழ்நாட்டு நடைமுறைப்படி. வீட்டில் யாருக்காவது இப்போதுதான் விபத்து நடந்திருக்கிறது என்றால் முதலில் படி 2-ஐப் படித்துவிட்டு வாருங்கள், மற்றது காத்திருக்கும்.

படி 1: இது ஏர்பேக் கோளாறுதானா என்று முதலில் பாருங்கள்

ஏர்பேக் விரியாமல் போன ஒவ்வொரு விபத்தும் வழக்கு ஆகாது. முன்பக்க ஏர்பேக்குகள் நேருக்கு நேரான மோதலுக்கும் ஓரளவு சாய்வான முன்மோதலுக்கும் வேலை செய்கிற மாதிரி வடிவமைக்கப்பட்டவை. பின்னாலிருந்து வேறு வண்டி இடித்தால், பக்கவாட்டில் இடித்தால், வண்டி உருண்டால் அவை விரியாமல் இருக்கலாம். பக்கவாட்டு ஏர்பேக், கர்ட்டன் ஏர்பேக் உங்கள் மாடலில் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. நம் நெடுஞ்சாலைகளில் அடிக்கடி நடக்கிற இன்னொன்று, நின்றிருக்கிற லாரிக்கு அடியில் கார் புகுந்துவிடுவது. அதில் பம்பரும் முன்சட்டமும் நேராக அடி வாங்குவதில்லை, கண்ணாடியும் கூரையும்தான் வாங்குகின்றன, அதனால் சென்சாருக்கு மோதல் சரியாகப் போய்ச் சேராது. நிறுவனம் இதை எல்லாம் சொல்லித்தான் வாதாடும், ஆகவே நீங்கள் முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

சரி, எதைக் கோளாறு என்று சொல்லலாம்? பலமான நேர்மோதலில் விரியாதது. மோதி ஆள் ஸ்டீயரிங்கில் இடித்த பிறகு தாமதமாக விரிவது. மோதலே இல்லாமல், மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது தானாக விரிவது. ஒருபக்க ஏர்பேக் மட்டும் விரிந்து பக்கத்து இருக்கையில் ஆள் இருந்தும் அங்கே விரியாதது. எல்லாவற்றையும் விடக் கொடியது, ஏர்பேக்கை ஊத வைக்கும் உலோகக் கூடான இன்ஃப்ளேட்டர் வெடித்து உலோகத் துண்டுகள் முகத்திலும் கழுத்திலும் பாய்வது. ஒழுங்காக விரிந்த ஏர்பேக்கினால்கூட முகத்தில் சிராய்ப்பு, கையில் சுடுபட்ட மாதிரித் தழும்பு வரும். அது அந்தக் கருவியின் இயல்பு, அதை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் நிற்காது.

அந்த உலோகத் துண்டு விஷயம் கற்பனை இல்லை. ஏர்பேக் தயாரித்த ஜப்பானின் டக்காட்டா நிறுவனம் தன் இன்ஃப்ளேட்டர்களில் அமோனியம் நைட்ரேட் என்ற வெடிமருந்தைப் பயன்படுத்தியது. சூடும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில் வருடக்கணக்கில் இருந்தால் அந்த மருந்து கெட்டுப்போகும், அப்புறம் விபத்தில் வேண்டியதை விட வேகமாக எரிந்து உலோகக் கூட்டையே பிளந்துவிடும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அமெரிக்காவுக்கு வெளியே முதல் சாவு 2014-ல் மலேசியாவில், ஒரு கர்ப்பிணிப் பெண், ஓட்டிய கார் ஹோண்டா சிட்டி. 2017-ல் அந்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது, அதே ஆண்டு திவாலும் ஆனது. இந்தியாவிலும் அந்த இன்ஃப்ளேட்டர் உள்ள கார்களை நிறுவனங்கள் திரும்ப அழைத்தன. கடலோர ஊர்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள் அந்த வேலை தங்கள் வண்டிக்கு முடிந்ததா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

படி 2: வண்டியை விட்டுவிடாதீர்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்ற முடியும் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

மோதிய கார்தான் உங்கள் முதல் சாட்சி. அதன் நடுப்பகுதியில், பெரும்பாலும் கியர் லிவருக்கு அடியில், உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவி. மோதல் எவ்வளவு பலம், சீட் பெல்ட் போட்டிருந்ததா, ஏர்பேக்கை விரிக்கச் சொல்லிக் கட்டளை போனதா, அதற்கு முன்பே ஏதாவது கோளாறுக் குறியீடு பதிவாகியிருந்ததா என்பதெல்லாம் பல மாடல்களில் அதில் பதிவாகும். விரியாமல் போன மோதலின் பதிவு சில கருவிகளில் பிறகு அழிந்து அதன் மேல் வேறு பதிவு ஏறிவிடவும் வாய்ப்பு உண்டு. அதனால் "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவியைப் போட்டு முறுக்கிப் பார்க்காதீர்கள், யாரையும் பார்க்க விடாதீர்கள். விரியாத ஏர்பேக்கை லோக்கல் மெக்கானிக்கை வைத்துக் கழற்றுவதும் ஆபத்து, அது அப்போது வெடிக்கக்கூடும்.

செய்ய வேண்டியது இது. வண்டியை டோ செய்து எடுத்துப் போங்கள். டீலரின் பணிமனையில் விட்டே ஆக வேண்டும் என்றால் ஜாப் கார்டில் "விபத்தில் ஏர்பேக் விரியவில்லை, என் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் எந்தப் பாகத்தையும் கழற்றக் கூடாது" என்று உங்கள் கையெழுத்திலேயே எழுதி, அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, அன்றைக்கே அதே வாசகத்தை டீலருக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாய்மொழியாகச் சொன்னது எதுவும் பின்னால் நிற்காது. முடிந்தால் வேறு இடம் பாருங்கள். தெரிந்தவர் குடோன், வீட்டுப் பின்பக்கம், மாத வாடகைக்கு ஒரு ஷெட், எதுவானாலும் மேலே தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் என்று சொன்னால் நாங்கள் செய்த தப்பைச் செய்யாதீர்கள். உடைந்த வண்டியின் மதிப்பைக் கழித்துக்கொண்டு மீதித் தொகையைக் கொடுங்கள், வண்டி என்னிடமே இருக்கட்டும் என்று கேட்கலாம். பணம் கொஞ்சம் குறையும். குறைந்தால் குறையட்டும். அப்படி முடியவில்லை என்றால், நுகர்வோர் வழக்குக்கு இந்த வண்டி ஆதாரம், பரிசோதனை முடியும் வரை விற்கக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள், அப்புறம் நுகர்வோர் ஆணையத்தில் மனு போடும்போது வண்டியைப் பாதுகாக்க இடைக்கால உத்தரவும் கேளுங்கள். அந்த அதிகாரம் ஆணையத்துக்கு இருக்கிறது.

போட்டோ எடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். வெளியே நான்கு பக்கமும், நம்பர் பிளேட் தெரிய. முன்பக்கம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று தெரிய ஒரு டேப்பை வைத்து. உள்ளே ஸ்டீயரிங் மூடியும் அதில் படிந்த ரத்தமும். டேஷ்போர்டில் பக்கத்து இருக்கை ஏர்பேக் இருக்கும் இடம். சீட் பெல்ட் பட்டையைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். ஆள் போட்டிருந்தபோது மோதியிருந்தால் பல நேரம் பட்டையில் உராய்ந்த தேய்மானம் தெரியும், பெல்ட் இறுகிப் பூட்டிக்கொண்டும் இருக்கும். "பெல்ட் போடவில்லை" என்று நிறுவனம் சொல்லும்போது அந்த ஒரு போட்டோ உங்களைக் காப்பாற்றும். சேஸி நம்பர் தகடு, ஓடோமீட்டர், ரோட்டில் டயர் தடம், இடித்த டிவைடர் அல்லது மரம், எல்லாவற்றையும் எடுங்கள். டேஷ்கேம் இருந்தால் கார்டைக் கழற்றி வைத்துவிட்டு நகலை மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 3: போலீஸ், ஆஸ்பத்திரி, எம்.வி.ஐ.

காயம் பட்ட விபத்து என்றால் ஸ்டேஷனில் புகார் கொடுத்தே தீர வேண்டும். புகார் வந்தது என்று மட்டும் காட்டுகிற சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள், எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். புகாரிலேயே "ஏர்பேக் விரியவில்லை" அல்லது "ஏர்பேக்கிலிருந்து உலோகத் துண்டு தெறித்தது" என்ற வரி இருக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் ஆறு மாதம் கழித்து முதல் முறையாக இதைச் சொன்னால் வழக்குக்காகக் கட்டிய கதை என்பார்கள்.

விபத்து வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் (எம்.வி.ஐ.) பரிசோதித்து அறிக்கை கொடுப்பார். பிரேக் சரியாக இருந்ததா, இயந்திரக் கோளாறால் விபத்து நடந்ததா என்பதில்தான் அவர் கவனம் பெரும்பாலும் இருக்கும். நீங்களோ உறவினரோ கூட நின்று, ஏர்பேக் விரிந்ததா இல்லையா, மோதல் எந்தப் பக்கம் என்பதையும் குறிக்கும்படி மரியாதையாகக் கேளுங்கள், ஒரு மனுவாகவே எழுதிக் கொடுங்கள். அரசு அதிகாரி ஒருவர் விபத்தை ஒட்டி எழுதிய அந்த ஒரு வரிக்கு நீங்கள் பின்னால் பணம் கொடுத்து வாங்குகிற நிபுணர் அறிக்கையை விட எடை அதிகம் என்பது என் எண்ணம்.

ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், எல்லா பில்லும் அசலாக. எப்படிக் காயம் பட்டது என்று டாக்டர் கேட்கும்போது "கார் ஆக்சிடென்ட்" என்று மட்டும் சொல்லாமல், ஸ்டீயரிங்கில் முகம் இடித்தது என்று சொல்லுங்கள், அதை எழுதச் சொல்லுங்கள். உடலிலிருந்து உலோகத் துண்டு எடுத்திருந்தால் அதை எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தும்படி அப்போதே எழுதிக் கேளுங்கள். நிரந்தர ஊனம் என்றால் மருத்துவக் குழுவின் சான்று பிறகு வேண்டும்.

படி 4: எந்தக் கதவைத் தட்டுவது

இங்கேதான் பெரும்பாலானவர்கள் குழம்புகிறார்கள். விபத்து என்றாலே மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் என்று நினைக்கிறோம். அது வேறு கேள்விக்கான இடம். யார் தப்பாக ஓட்டினார்கள், அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி. எதிரே வந்த வண்டியின் மேல் தப்பு என்றால் கட்டாயம் அங்கே போங்கள், மோட்டார் வாகனச் சட்டம் 166-ம் பிரிவில் மனு போட விபத்து நாளிலிருந்து 6 மாதம் என்று கெடு இருப்பதை மறக்க வேண்டாம். ஆனால் நீங்களே போய் டிவைடரில் இடித்திருந்தால் அங்கே கேட்க ஆள் இல்லை, உங்கள் பாலிசியில் ஓட்டுநர்-உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று பார்த்து, அதில் சாவுக்கும் குறிப்பிட்ட ஊனங்களுக்கும் உள்ளதைக் கேட்கலாம்.

ஏர்பேக் கோளாறுக்காகக் கார் நிறுவனத்தைக் கேள்வி கேட்கும் இடம் நுகர்வோர் ஆணையம். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ல் இதற்கென்றே ஒரு அத்தியாயம் இருக்கிறது, 82 முதல் 87 வரையிலான பிரிவுகள், தயாரிப்புப் பொறுப்பு பற்றியவை. 84-ம் பிரிவுதான் முக்கியம். தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சொன்ன தரத்துக்கு மாறாக இருப்பது, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துப்போகாதது, ஆபத்தைப் பற்றிப் போதிய எச்சரிக்கை கொடுக்காதது, இவற்றில் ஒன்று நிரூபணமானாலும் உற்பத்தியாளர் பொறுப்பு. பாகத்தைத் தயாரித்தவரும் உற்பத்தியாளர் என்ற சொல்லுக்குள் வருகிறார். 85 சர்வீஸ் செய்தவருக்கு, 86 விற்றவருக்கு.

ஒரு நுணுக்கம், பல வழக்குகள் இதில்தான் பாதியாகச் சுருங்கிவிடுகின்றன. தயாரிப்புப் பொறுப்பில் "தீங்கு" என்பதற்குள் உடல் காயம், சாவு, அதோடு சேர்ந்த மன வேதனை எல்லாம் வரும், ஆனால் அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் வராது. அதாவது இந்த அத்தியாயத்தை மட்டும் வைத்துக் கேட்டால் பல்லுக்கும் தாடைக்கும் இழப்பீடு கிடைக்கலாம், காருக்குக் கிடைக்காது. அதனால் ஒரே புகாரில் இரண்டையும் எழுதுங்கள்: பொருளில் குறைபாடு இருக்கிறது, ஆகவே மாற்றிக் கொடு அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு என்று ஒன்று, அந்தக் குறைபாட்டால் எனக்குத் தீங்கு ஏற்பட்டது, ஆகவே இழப்பீடு கொடு என்று இன்னொன்று.

யார் போகலாம்? வாங்கியவர் மட்டும் இல்லை, அவர் சம்மதத்தோடு பயன்படுத்தியவரும் நுகர்வோர்தான். ஓட்டிய மகன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி இவர்களும் கேட்கலாம். இறந்துவிட்டால் வாரிசுகள் கேட்கலாம். வணிகத்துக்காக வாங்கியது என்றால் நுகர்வோர் இல்லை என்று சட்டம் சொல்கிறது, ஆனால் தன் பிழைப்புக்காகத் தானே ஓட்டுகிற டாக்ஸிக்காரருக்கு விலக்கு உண்டு. கம்பெனி பெயரில் வாங்கி இயக்குநர் பயன்படுத்திய கார் என்றால்? 2024-ல் மெர்சிடிஸ் கார்கள் பற்றிய ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதை வணிகப் பயன்பாடு என்று ஒதுக்க மறுத்தது. அதில் ஒரு காரின் பிரச்சினையே ஏர்பேக் விரியாததுதான்.

ஸ்டேஷனில் நிறுவனத்தின் மேலேயே கிரிமினல் வழக்குக் கொடுக்கலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால் தெரிந்தே குறையோடு விற்றார்கள் என்று காட்டுவது மிகக் கடினம், அதில் காசும் வராது. கோபத்துக்கு அது வழி, இழப்பீட்டுக்கு இல்லை. சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈட்டு வழக்கும் போடலாம், கேட்கிற தொகைக்கு ஏற்பக் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டிவரும், அதனால் பலருக்கும் அது கடைசி வழிதான்.

படி 5: கிரெட்டா கார் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

2015 ஆகஸ்டில் ஒருவர் ஹூண்டாய் கிரெட்டா வாங்கினார். 2017 நவம்பரில் டெல்லி-பானிபட் நெடுஞ்சாலையில் விபத்து, ஏர்பேக்குகள் விரியவில்லை, தலையிலும் மார்பிலும் பல்லிலும் காயம். டெல்லி மாநில ஆணையம் மருத்துவச் செலவுக்கும் வருமான இழப்புக்கும் 2 லட்சம், மன உளைச்சலுக்கு 50,000, வழக்குச் செலவுக்கு 50,000, அதோடு வண்டியை மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தேசிய ஆணையம் அதை உறுதிசெய்தது. 2022 ஏப்ரல் 20 அன்று சுப்ரீம் கோர்ட்டும் உறுதிசெய்தது.

நிறுவனத்தின் வாதம், ஏர்பேக் விரியும் அளவுக்கு மோதலின் விசை இல்லை என்பது. கோர்ட் சொன்னது இதன் சாரம்: வேகத்தையும் விசையையும் வைத்து மோதலைக் கணக்குப் போட நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை, முன்பக்கம் பலமாக மோதினால் ஏர்பேக் விரியும் என்றுதான் சாதாரணமாகக் கார் வாங்குகிற எவரும் நம்புவார், அந்த நம்பிக்கையில்தான் வாங்குகிறார். முன்பக்கச் சேதமே பேசுகிறது, நிபுணர் சாட்சி இல்லை என்பதற்காக மட்டும் புகாரைத் தள்ள முடியாது என்கிற நிலையையும் கோர்ட் ஏற்றது. கார் வாங்குகிறவர் எதிர்பார்க்கிற பாதுகாப்புத் தரத்தில் ஏர்பேக்கைக் கொடுக்கத் தவறினால் தண்டனை போன்ற இழப்பீடும் விதிக்கலாம் என்றும் சொன்னது.

இது பெரிய ஆயுதம். ஆனால் இதை மட்டும் நம்பி நிபுணர் இல்லாமல் போய்விடாதீர்கள். அந்த வழக்கில் முன்பக்கச் சேதம் கண்ணுக்குத் தெரிந்தது, போட்டோக்கள் இருந்தன. உங்கள் வழக்கில் சேதம் சாய்வாக இருந்தால் கதை மாறிவிடும். வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பும்படி ஆணையத்தையே கேட்கலாம், 38-ம் பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் பேராசிரியர், உரிமம் பெற்ற சர்வேயர் இவர்களிடமும் அறிக்கை வாங்கலாம். ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையத்தில் மோதல் சோதனைக் கூடமே இருக்கிறது, எந்த ஆய்வகம் என்று ஆணையம் கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லலாம்.

படி 6: புகார் எழுதுவது, கொடுப்பது

கெடு 2 ஆண்டுகள், பெரும்பாலும் விபத்து நடந்த நாளிலிருந்து. தாமதமானால் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம், ஆஸ்பத்திரியில் கிடந்தது நல்ல காரணம்தான், ஆனால் அதை நம்பி உட்கார வேண்டாம். எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்தது இல்லை, காருக்குக் கொடுத்த விலையைப் பொறுத்தது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் டெல்லியில் தேசிய ஆணையம். இந்த முறை சரிதான் என்று 2025-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. ஆகவே நம்மில் பெரும்பாலோருக்கு மாவட்ட ஆணையம்தான், அதுவும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். கட்டணம் மிகக் குறைவு. விலை 5 லட்சம் வரை ஒன்றும் இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, 50 லட்சம் வரை 1,000.

முதலில் நிறுவனத்துக்கும் டீலருக்கும் ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனாலும் அவர்கள் எழுதுகிற பதிலில் பல நேரம் நமக்கு உதவுகிற வரி ஒன்று வந்துவிடும். கட்டுப்பாட்டுக் கருவியில் பதிவான தரவை உங்கள் முன்னிலையில் எடுத்து நகல் தர வேண்டும் என்று அதில் கேளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பே ஆதாரம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியலாம், தமிழிலும் பேசலாம், ஆனால் அது சமரசத்துக்கு மட்டும்தான், அதில் பதிந்துவிட்டோம் என்று 2 ஆண்டுக் கெடுவை விட்டுவிடக் கூடாது.

புகாரை நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் தாக்கல் செய்யலாம். நடை எளிமையாக இருக்கட்டும். எப்போது வாங்கினீர்கள், என்ன விலை, விளம்பரத்திலும் பிரசுரத்திலும் எத்தனை ஏர்பேக் என்று சொன்னார்கள் (அந்தப் பிரசுரத்தை இணைக்கவும்), எல்லா சர்வீஸும் எங்கே செய்தீர்கள், விபத்து எப்படி நடந்தது, எந்தக் காயம் எதில் இடித்ததால் வந்தது, என்ன செலவு, எவ்வளவு நாள் வேலைக்குப் போகவில்லை. காயத்துக்கும் ஏர்பேக்குக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக எழுதுங்கள், ஏனென்றால் விபத்துக்குக் காரணம் ஏர்பேக் இல்லை, காயம் இவ்வளவு பெரிதானதற்குத்தான் காரணம். இந்த வேறுபாட்டை நாமே முதலில் சொல்லிவிட்டால் எதிர்தரப்பு அதைக் கேள்வியாக்க முடியாது. உற்பத்தியாளர், டீலர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஏர்பேக் விளக்கு எரிகிறது என்று சொல்லியும் "ஒன்றும் இல்லை சார்" என்று அனுப்பியிருந்தால் அந்த சர்வீஸ் சென்டரையும்.

வக்கீல் இல்லாமலும் நீங்களே நடத்தலாம். ஆனால் எதிரே வருவது பெரிய நிறுவனம், காயம் பெரிது என்றால் வக்கீல் வைத்துக்கொள்வதே நல்லது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம், உதவி எண் 15100.

நோட்டீஸ் கிடைத்த பிறகு எதிர்தரப்புக்குப் பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15 நாள். 45-வது நாளைத் தாண்டினால் பதிலை ஏற்க முடியாது என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன அமர்வு சொன்னது, நாளைக் குறித்து வைத்துக்கொண்டு இதை எழுப்புங்கள். சட்டம் 3 மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. நடைமுறையில் வருடங்கள் ஆகும், அந்த கிரெட்டா வழக்கு விபத்திலிருந்து கடைசித் தீர்ப்பு வரை நாலரை வருடம்.

படி 7: அவர்கள் என்ன சொல்வார்கள்

"கையேட்டில் போட்டிருக்கிறோம்" என்பது முதல் வாதம். எந்தச் சூழலில் விரியாது என்று கையேட்டில் உண்மையிலேயே தெளிவாக இருக்கிறதா, விற்கும்போது சொன்னார்களா என்று பாருங்கள். மேலே சொன்ன மெர்சிடிஸ் வழக்கில் கையேட்டில் முழுமையாகச் சொல்லாததே நியாயமற்ற வணிக முறை என்று இழப்பீடு விதிக்கப்பட்டது.

"வெளியே வேலை பார்த்திருக்கிறார்கள்" என்பது அடுத்தது, இதற்கு நம்மில் பலரிடம் பதில் இல்லை. முன்னால் இரும்புக் கம்பி பம்பர் மாட்டியிருந்தால் மோதலின் விசை சென்சாருக்குப் போகும் விதம் மாறிவிடும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அவற்றைத் தடை செய்துவிட்டது. பக்கவாட்டு ஏர்பேக் உள்ள சீட்டில் தடிமனான உறை, ஹார்னுக்காக ஸ்டீயரிங்கைக் கழற்றியது, வெளிக்கடையில் வயரிங், எல்லாமே அவர்கள் கைக்குக் கிடைக்கிற ஆயுதம். பொருளை மாற்றியமைத்திருந்தால் விற்றவர் தப்பிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஒரிஜினலாக இருந்தது என்று காட்ட ஜாப் கார்டுகள் வேண்டும், ஆகவே ஒவ்வொரு சர்வீஸ் ரசீதையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

பழைய கார் வாங்கியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முன்பு விபத்தில் விரிந்த ஏர்பேக்கை மாற்றாமல், மூடியை மட்டும் ஒட்டி, எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும், அணையவே இல்லை என்றாலும் வண்டியை வாங்காதீர்கள். வாங்கிய பிறகு இது தெரிந்தால், விற்றது வியாபாரி என்றால் அவரையும் எதிர்தரப்பாக்கலாம்.

படி 8: திரும்ப அழைத்த வண்டியா என்று பாருங்கள்

உங்கள் சேஸி நம்பரை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் திரும்ப அழைப்பு இருக்கிறதா என்று தெரியும். உதாரணமாக 2023 ஜனவரியில் மாருதி சுசுகி 17,362 கார்களை ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியைப் பார்த்து மாற்றுவதற்காக அழைத்தது, மாற்றும் வரை ஓட்ட வேண்டாம் என்றே சொன்னது. இப்படி ஓர் அறிவிப்பு உங்கள் வண்டிக்கு இருந்து, உங்களுக்குத் தகவலே வராமல் விபத்து நடந்திருந்தால் வழக்கு பாதி முடிந்த மாதிரி. தகவல் வந்தும் நீங்கள் போகவில்லை என்றால் அது உங்களுக்கு எதிராகப் பேசும். இந்த வேலைக்குக் காசு கிடையாது, கேட்டால் கொடுக்காதீர்கள்.

அறிவிப்பு இல்லை, ஆனால் அதே மாடலில் மற்றவர்களுக்கும் நடக்கிறது என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவு இருக்கிறது. 7 ஆண்டுக்குள்ளான வண்டி என்றால் மத்திய அரசின் வாகன் இணையதளத்தில் குறைபாட்டுப் புகார் பதியலாம், குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால் அரசே திரும்ப அழைக்க உத்தரவிட முடியும். உங்களுக்கு இதில் நேரடியாகப் பணம் வராது. ஆனாலும் பதியுங்கள், அடுத்த குடும்பத்துக்கு அது உதவும்.

படி 9: சமரசம், தீர்ப்பு, அதன் பிறகு

நடுவில் நிறுவனத்திலிருந்து போன் வரும். ரிப்பேரை இலவசமாகச் செய்து தருகிறோம், கொஞ்சம் பணமும் தருகிறோம் என்பார்கள். பேசுவதில் தப்பில்லை, ஆணையமே மத்தியஸ்தத்துக்கும் அனுப்பும். ஆனால் சிகிச்சை முடியும் முன், இன்னும் எத்தனை ஆபரேஷன் பாக்கி என்று தெரியும் முன், "முழுமையான இறுதித் தீர்வு" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்பாயத்திலும் இன்சூரன்ஸிலும் வாங்கிய தொகையை ஆணையத்தில் மறைக்காமல் சொல்லுங்கள், ஒரே மருத்துவ பில்லுக்கு இரண்டு இடத்தில் கேட்டது பின்னால் தெரியவந்தால் உண்மையான கோரிக்கையும் கெட்டுவிடும்.

மாவட்ட ஆணையத்தில் தோற்றால் 45 நாளில் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு, தென்மாவட்டக்காரர்களுக்கு மதுரையிலும் அமர்வு இருக்கிறது. ஜெயித்தால் நிறுவனம் மேலே போகும். போக வேண்டுமானால் உத்தரவிட்ட தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் தரவில்லை என்றால் நிறைவேற்று மனுப் போடுங்கள், உத்தரவை மதிக்காதவருக்கு 72-ம் பிரிவில் ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைகூட உண்டு.

வண்டியை மாற்றிக் கொடுக்க உத்தரவானால் பழைய வண்டியை ஒப்படைக்கச் சொல்வார்கள். மேல்முறையீட்டுக் கெடு முடிந்ததா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டு, தார்ப்பாயைப் பிரித்துக் கடைசியாக ஒரு முறை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, சேஸி நம்பர் எழுதிய ரசீதில் அவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அப்போது கொடுங்கள்.